அவுட்டாகும் உரிமை

ஸ்டீமில் என் நண்பர்கள் பட்டியலைக் கடைசிவரை இழுத்தால் சாம்பல் நிறத்தில் சில பெயர்கள் வரும். எப்போதோ ஆடிவிட்டு நிறுத்திவிட்டவர்கள். அதில் ஒன்று என் சித்தி மகனுடையது. அவன் கடைசியாக வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. படிப்பு, பரீட்சை, புது மொபைல் என்று ஒரு விளையாட்டை விட ஆயிரம் காரணம் இருக்கும். அவன் விட்டதற்குக் காரணம் நான். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும்.

ஒருத்தன் கேம் ஆடுவதை நிறுத்துவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. ஒன்றில் தேறியவன், அதற்குள் புதிதாக வருகிறவனுக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறானா? பட்டிருந்தால் என்ன தர வேண்டும்? வெற்றியையா, பாடத்தையா, வேறெதையாவதா? தறியிலும் அடுப்படியிலும் அலுவலகத்திலும் இதே கேள்வி இருக்கிறது. ஆன்லைன் விளையாட்டில் அது எண்ணோடு, ஒளிய இடமில்லாமல் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

2007. நான் இன்ஜினியரிங் முதலாண்டு. எங்கள் ஹாஸ்டல் லேனில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரே ஆட்டம்தான் ஓடும்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அது 1999இல் வந்தது. எட்டு வருடம் பழசு. ஆனால் எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர்களும் பழசுதான்.

ஆடாதவர்களுக்காக: கையில் மூன்று கிராமத்தார், ஒரு குதிரைவீரன், ஊர் நடுவே ஒரு டவுன் சென்டர். இவ்வளவுதான் தருவார்கள். சுற்றியிருக்கும் ஆடுகளை ஓட்டிவந்து உணவாக்கி, அந்த உணவைக் கொடுத்து இன்னொரு கிராமத்தானை உருவாக்க வேண்டும். ஒருவன் வர 25 நொடி. அவனை விறகுக்கு அனுப்பு, அடுத்தவனைத் தங்கத்துக்கு அனுப்பு, அதற்குள் அடுத்த 25 நொடி முடிந்திருக்கும். அந்தச் சங்கிலி ஓர் இடத்தில் அறுந்தாலும் பத்து நிமிடம் கழித்து எதிரியின் படை வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். பார்ப்பதற்குச் சண்டை விளையாட்டு. உள்ளே போனால் குடும்பம் நடத்துகிற விளையாட்டு.

ஓர் ஆட்டத்தில் எட்டுப் பேர்தான் ஆட முடியும். முதலாண்டுப் பையனுக்கு அதில் இடம் கிடையாது. பின்னால் நின்று பார்க்கலாம், டீ வாங்கி வரலாம். அப்படி நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து நாலாவது வருட அண்ணன் ஒருவர் சொன்னார்: “அந்த சிஸ்டத்துல உக்காருலே. என் கலரையே எடுத்துக்க.”

ரெண்டு பேர் ஒரே நிறத்தை எடுத்தால் ரெண்டு பேருக்கும் ஒரே ராஜ்யம். அவர் நகர்த்துவதை நானும் நகர்த்தலாம், நான் கட்டுவதை அவரும் இடிக்கலாம். “நீ ஆடு மேயி. சண்டைய நான் பாத்துக்கறேன்” என்றார்.

ஒரு செமஸ்டர் முழுக்க ஆடு மேய்த்தேன். ஹாஸ்டலில் என் பெயரே ‘ஆட்டுக்காரன்’ என்றாகிவிட்டது. காட்டுப்பன்றியை இழுத்துவரும்போது கணக்குத் தப்பினால் கிராமத்தான் செத்துப்போவான். என் கிராமத்தான் செத்தால் அவர் படையில் ரெண்டு ஆள் குறையும், அவர் அங்கே தோற்பார். அடுத்த அறை வரை கேட்கிற மாதிரி திட்டுவார். மறுநாள் ராத்திரி, “எங்கலே ஆட்டுக்காரன்?” என்று தேடுவார்.

அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது யோசித்தால், என் வாழ்க்கையில் வேறு யாரும் எனக்கு அவ்வளவு சரியாக ஒன்றைக் கற்றுத்தரவில்லை. அவர் எதையும் விளக்கவில்லை. எனக்காகத் தோற்கவும் இல்லை. நான் செய்யும் வேலை அவருக்குத் தேவைப்படுகிற மாதிரி ஓர் இடத்தில் என்னை உட்காரவைத்தார்.

*

பதிமூன்று வருடம் கழித்து, ஊரடங்கில் மறுபடி அந்த ஆட்டத்துக்குப் போனேன். 2019 நவம்பரில் அதன் புது வடிவம் வந்திருந்தது. இப்போது லேன் இல்லை, அண்ணன் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருத்தர் எதிரே வருவார். யார் வர வேண்டும் என்பதை ஓர் எண் முடிவு செய்யும். எலோ.

எலோ என்பது சுருக்கெழுத்து இல்லை, ஒரு மனிதரின் பெயர். ஆர்பாட் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், நல்ல சதுரங்க ஆட்டக்காரர். அவருடைய கணக்கை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. கணக்கு எளிதானது. இருவருக்கும் ஒரே எண் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 200 புள்ளி கூடுதலாக இருப்பவர் நான்கில் மூன்று முறை ஜெயிப்பார். 400 கூடுதல் என்றால் பத்தில் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் புள்ளி ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும்.

இதில் ஓர் அழகு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த எண்ணுக்கு நீ யார் என்று தெரியாது. ஊர், சாதி, வயசு, இங்கிலீஷ் வருமா வராதா, எதையும் அது கேட்காது. உன்னைப் போலவே ஆடுகிற ஒருத்தரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தும். வாழ்க்கையில் வேறெங்கே இவ்வளவு நியாயமான வரவேற்பு கிடைக்கும்?

ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அதன் அடிப்படை வடிவத்தில், நான் பெறும் புள்ளி எதிராளி இழக்கும் புள்ளி. புதியவர் யாராக இருந்தாலும் 1000 என்ற எண்ணோடு உள்ளே வருவார். ஆனால் 1000இல் ஏற்கெனவே இருக்கிறவர்கள் வருடக்கணக்கில் ஆடுகிறவர்கள். ஆகவே புதியவர் தோற்பார், மறுபடி தோற்பார், தன் உண்மையான இடம் எதுவோ அதுவரை தோற்றுக்கொண்டே இறங்குவார். சிலர் அங்கே நிலைத்து ஏற ஆரம்பிப்பார்கள். சிலர் 700இல் நிற்கும்போது போதும் என்று போய்விடுவார்கள். அவர் கொண்டுவந்த ஆயிரத்தில் மீதி 300 எங்கே? உள்ளேயே இருக்கிறது. அவரை ஜெயித்தவர்களிடமும், அந்தப் புள்ளியைக் கைமாற்றி மேலே கொண்டுபோனவர்களிடமும்.

நானும் முதல் எட்டு ஆட்டம் தோற்றேன். ஒன்பதாவதில், முதல் நிமிடத்தில் ஆடு ஓட்டும்போது கை தானாகப் பழைய பாதையில் போனதை உணர்ந்தேன். ரெண்டு வருடத்தில் 1480 வரை ஏறினேன். அந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். முழுக்க என் உழைப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த 480இல், தோற்று விட்டுப்போன எத்தனை பேருடைய சில்லறை சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

*

2022 ஏப்ரலில் அந்த ஆட்டத்தில் ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ என்ற இணைப்பு வந்தது. அதில் திராவிடர்கள் ஒரு தரப்பு. ராஜேந்திர சோழனுக்கு ஒரு கதைத்தொடர். கிராமத்தான் மேல் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வான். சித்தி மகன் அப்போது காலேஜ் முதல் வருடம். இதைக் கேட்டதும் துள்ளிக்கொண்டு வந்தான். “அண்ணே, நானும் வரேன்.”

ரெண்டு பேரும் ஒரே அணியாக டீம் கேம் ஆடினோம். என் எண்ணையும் அவன் எண்ணையும் சேர்த்துப் பார்த்து எதிரிகளைத் தேடும். வருகிறவர்கள் எனக்குச் சமாளிக்கக் கூடியவர்கள், அவனுக்கு மலை. எதிரிகளுக்கு ரெண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் எந்தப் பக்கம் வேலி தாழ்வாக இருக்கிறதென்று. பத்தாவது நிமிடத்தில் இருவரும் சேர்ந்து அவனை அடிப்பார்கள். நான்கு பேர் அணிகளில் ஆடும்போது எங்கள் பக்கத்து ஆட்களே அவனுக்கு எழுதுவார்கள்: அன்இன்ஸ்டால் பண்ணு. அவன் எனக்கு மைக்கில், “என்னண்ணே செய்யணும்?” என்று கேட்பான். நான், “ஒண்ணும் செய்யாத, சுவத்தக் கட்டிட்டு உள்ளயே உக்காரு” என்பேன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஒண்ணும் செய்யாத.

என் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆடித் தள்ளுபடியில் இன்னொரு கணக்கு வாங்கினேன். புதுப் பெயர், புது 1000. இப்போது அவனோடு சேர்ந்தால் அவன் மட்டத்து எதிரிகள் வருவார்கள், அவன் நிம்மதியாகப் பழகுவான் என்பது திட்டம். தம்பிக்காகத்தான் செய்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேறியவன் புதியவன் வேஷத்தில் வருவதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்மர்ஃப். 90களில் வார்கிராஃப்ட் 2 ஆடிய இரண்டு கெட்டிக்காரர்களுடன் மோத எல்லாரும் பயந்ததால், அவர்கள் கார்ட்டூன் ஸ்மர்ஃப்களின் பெயரில் வந்தார்கள் என்று கதை சொல்வார்கள்.

அஞ்சு ஆட்டம் வரிசையாக ஜெயித்தோம். தம்பிக்கு முதல் மூன்றில் தலைகால் புரியவில்லை. அஞ்சாவது ஆட்டம் பதினாறு நிமிடத்தில் முடிந்தது. நான் மட்டுமே எதிரே இருந்த இருவரின் ஊரையும் துடைத்திருந்தேன். முடியும் முன் எதிர்ப்பக்கத்து ஆள் அரட்டையில் கேட்டார்: எவ்வளவு காலமாக ஆடுகிறீர்கள்? எந்த விரல் என்று தெரியவில்லை, என் விரல் எழுதியது: இப்போதுதான் ஆரம்பித்தோம். அவர் எழுதினார்: நானும்தான், ரெண்டாவது வாரம். பிறகு சரணடைந்து போய்விட்டார்.

மைக்கில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தம்பி கேட்டான்: “அந்தப் பக்கமும் என்னைய மாதிரி ஒருத்தன்தான இருந்திருப்பான், அண்ணே?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வாரம் அவனுக்கு இன்டர்னல் பரீட்சை. அதற்கடுத்த வாரம் அவன் கூப்பிட்டபோது நான் என் பழைய கணக்கில் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். இறங்கிப்போன எண்ணைத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. “இந்த கேம் முடியட்டும்டா” என்றேன். மூன்று முறை அப்படிச் சொன்னேன் என்று நினைவு. நாலாவது முறை அவன் கூப்பிடவில்லை.

*

அவனுடைய கேள்விக்கு அப்புறம் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தெரு கிரிக்கெட்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு பதவி உண்டு. எல்லாத் தெருவிலும் உண்டு, உங்களில் பாதிப் பேர் வகித்திருப்பீர்கள். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அழுது ஊரைக் கூட்டும் சின்னப் பையனுக்குத் தரப்படுவது. அவன் பேட் பிடிக்கலாம், ஆனால் அவன் ரன் கணக்கில் வராது. அவுட்டானாலும் அவுட் இல்லை. பெரிய பையன் கையைக் கீழே கொண்டுவந்து உருட்டிவிடுவான். ஆனால் சாக்கடையில் விழுந்த பந்தை எடுப்பது அவன் வேலை. பவுண்டரியில் அவன் பிடித்து நிறுத்திய ரன் நிஜமாகவே நின்றது. பாதி பொம்மை, பாதி ஆள்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒருநாள் தெருவின் பெரிய பையன் சொன்னான்: “இன்னைல இருந்து நீ அவுட்னா அவுட்லே.” ரெண்டாவது பந்திலேயே ஸ்டம்பாக வைத்திருந்த செங்கல்லில் பட்டது. எல்லாரும் கத்தினார்கள். பேட்டைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். அழுகை வந்தது. கூடவே, எப்படிச் சொல்வது, ஒரு பெருமையும் வந்தது. என் விக்கெட்டுக்காக அவர்கள் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். நான் விழுந்தது ஒரு நிகழ்ச்சி.

ஒரு விளையாட்டுக்குள் நுழைவது என்றால் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஜெயிக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. அவுட்டாகிற உரிமை எல்லாருக்கும் வேண்டும்.

ஆனால் இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் அது பொய். என் அக்கா என்னைவிட மூன்று வயசு மூத்தவள். என்னைவிட நன்றாகப் பந்து போடுவாள். என்னோடுதான் தெருவுக்கு வருவாள். எனக்கு ‘அவுட்னா அவுட்’ வந்த பிறகும் அவள் சப்பாணியாகவே இருந்தாள். யாரும் கெட்டது செய்யவில்லை. அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் அவள் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதை எழுதும்போது போன் செய்து கேட்டேன். “நான் வெளாடவாடா வந்தேன், பந்து பொறுக்கத்தான வந்தேன்” என்று சிரித்தாள்.

ஆகவே, பழைய தெருவில் அன்பு இருந்தது, புது இணையத்தில் எண் மட்டும்தான் இருக்கிறது என்று ஏங்க எனக்குத் தைரியம் இல்லை. யாருக்கு எப்போது உரிமை என்பதைத் தெருவில் பேட் வைத்திருப்பவன் முடிவு செய்தான். எலோ என் அக்காவை முதல் நாளே அவுட்டாக விட்டிருக்கும்.

*

கம்பெனிகளுக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். புதியவர் விட்டுப்போனால் அவர்களுக்கு நஷ்டம். அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று பாட். மனிதர் போல ஆடும் நிரல். ஃபோர்ட்நைட்டில் 2019இல் இதை வெளிப்படையாக அறிவித்தே சேர்த்தார்கள்: திறமைக்கேற்ற ஜோடி சேர்ப்போடு பாட்களும் வரும், நீங்கள் தேறத் தேற அவை குறையும் என்று. நூறு பேர் குதிக்கும் களத்தில் உன் கையால் விழுகிறவர்களில் சிலர் ஆளே இல்லை.

இதில் தப்பென்ன? புதியவனுக்குச் சந்தோஷம், யாருக்கும் வலி இல்லை. பெரிய பையன் கையைக் கீழே கொண்டுவந்து உருட்டிவிட்டதும் இதுதானே?

இல்லை என்று நினைக்கிறேன். உருட்டிவிட்ட பையன் அங்கே இருந்தான். வேகமாகப் போடக்கூடியவன் மெதுவாகப் போட்டான், அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மெதுவில் எனக்கான ஓர் இடமும், இன்றில்லாவிட்டால் நாளைக்கு வேகமாகப் போடுவேன் என்கிற வாக்கும் இருந்தன. பாட்டின் தோல்வியில் யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. அது பழகுவதற்கு உதவும், சுவரில் பந்தடித்துப் பழகுவதுபோல. சுவரைச் சுவர் என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை. ஆள் என்று நம்பவைத்தால், அவன் இன்னும் உள்ளேயே வரவில்லை என்பதை அவனிடமே மறைக்கிறோம்.

இந்த இடத்தில்தான் என் ரெண்டாவது கணக்கும் வருகிறது. பாட், ஆள் போல நடித்துத் தோற்கிறது. நான், புதியவன் போல நடித்து ஜெயித்தேன். பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978இல் எழுதிய ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற புத்தகத்தில் விளையாட்டுக்கு ஒரு வரையறை தந்தார். சாரம் இது: தேவையே இல்லாத ஒரு தடையை, அந்தத் தடையோடு மல்லுக்கட்டும் சுகத்துக்காகவே, நாமாக ஏற்றுக்கொள்வது. அப்படிப் பார்த்தால் அந்த அஞ்சு ஆட்டத்தில் நான் விளையாடவே இல்லை. தடையைக் காசு கொடுத்து நீக்கிவிட்டு உள்ளே போனேன். ரெண்டாவது வாரத்து ஆளும் விளையாடவில்லை. சமமான ஒருத்தரிடம் அவுட்டாகிறோம் என்று அவர் நம்பினார். அவருக்கு அந்த உரிமையும் கிடைக்கவில்லை. தம்பியோ சுவருக்குள் உட்கார்ந்திருந்தான். நான்கு பேர் இருந்த இடத்தில் ஒரு விளையாட்டும் நடக்கவில்லை.

*

அப்படியென்றால் வழி என்ன? ஈவ் ஆன்லைன் என்ற ஐஸ்லாந்து நாட்டு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003இல் வந்தது. விண்வெளிக் கப்பல்கள், கூட்டணிகள், பெரும்போர்கள். அதில் திறன் வளர்வது காலத்தால். நீ ஒரு திறனைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அது நிஜ நேரத்தில் வளரும். பத்து வருடம் முன்னால் சேர்ந்தவனை இன்று சேர்ந்தவன் அதே வேகத்தில் ஒருநாளும் எட்டவே முடியாது. திறன் புள்ளிகளை வாங்கி விற்கும் வழியே 2016இல்தான் வந்தது. கேட்டாலே மனசு விட்டுப்போகிற ஏற்பாடு. ஆனாலும் புதியவர்கள் அதில் தங்கினார்கள்.

ஒரு காரணம், சில நாள் ஆன பொடியனுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. எதிரியின் பெரிய கப்பல் பாய்ந்து தப்பிவிடும். அதைப் பாயவிடாமல் பிடித்துவைக்க ஒரு மலிவான குட்டிக் கப்பல் போதும். நம் பெரிய கப்பல்கள் வந்துசேரும்வரை பிடித்திருந்தால் சரி. அநேகமாக அந்தக் குட்டிக் கப்பல் வெடித்துவிடும். வெடிக்கட்டும், சல்லிக்காசு. ஆனால் அது பிடித்திருக்காவிட்டால் பத்து வருடத்து ஆட்களும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். புதியவர்களுக்குச் சொல்லித்தருவதற்கென்றே ஈவ் யுனிவர்சிட்டி என்று ஓர் அமைப்பை ஆட்டக்காரர்களே 2004இல் தொடங்கி நடத்திவருகிறார்கள்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இருவர் 1991இல் எழுதிய ஒரு சிறிய புத்தகத்தில் லைபீரியாவின் வை, கோலா இனத்துத் தையற்காரர்கள் வருகிறார்கள். அங்கே சேரும் பையன் துணி வெட்டுவதில் ஆரம்பிப்பதில்லை. கடைசி வேலையில் ஆரம்பிக்கிறான்: பட்டன் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது. அப்புறம் தையல். கடைசியாகத்தான் வெட்டு. நம்மூர்த் தையல்கடையின் காஜா பையனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அவன் எடுக்கும் காஜா, பயிற்சித் துணியில் இல்லை. நாளைக்கு ஒருத்தர் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகப்போகும் சட்டையில். தப்பினால் சட்டை கெடும், ஆனால் மொத்தத் துணியும் கெடாது. அந்த அளவுக்குப் பொறுப்பு.

இங்கேதான் எனக்கு விடை மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது. புதியவனுக்குத் தர வேண்டியது ரெண்டு. ஒன்று, அவன் செய்வது நிஜமாகக் கணக்கில் வரும் ஓர் இடம், சின்னதாக இருந்தாலும். ரெண்டு, அந்த இடத்திலிருந்து மேலே போகும் வழி. பாட்கள் முதலாவதைத் தருவதில்லை. என் அக்காவுக்குத் தெரு ரெண்டாவதைத் தரவில்லை. காஜா பையனையும் பத்து வருடம் காஜாவிலேயே வைத்திருந்தால் அது தொழில் கற்பிப்பது இல்லை, சுரண்டல். எலோ ஏணி ரெண்டாவதைத் தாராளமாகத் தருகிறது. ஆனால் ஏணியில் யாருக்கும் யாருடைய உதவியும் தேவைப்படுவதில்லை. அங்கே புதியவன் ஒருத்தன் குறைந்தால் யாருக்கும் ஆட்டு மந்தை சிதறுவதில்லை.

எனக்கென்ன கடமை, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறேன், அதிலும் வாத்தியார் வேலை பார்க்கணுமா? நியாயமான கேள்விதான். முன்பின் தெரியாத எல்லாருக்கும் நான் கடன்பட்டவன் இல்லை. ஏணியில் எதிரே வருகிறவருக்கு என் கடன் ஒன்றே ஒன்று, நான் யாரோ அவனாகவே வருவது. ஆனால் என்னிடம் ‘நானும் வரேன்’ என்று சொல்லி வந்தவன் விஷயம் வேறு. நான் அவனுக்கு வெற்றியைத் தந்தேன். அது அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் மைக்கில் கேட்டது ‘என்ன செய்யணும்’ என்று. ஒண்ணும் செய்யாத என்று சொன்னேன். 2007இல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருத்தர், நீ ஆடு மேயி என்று சொல்லியிருந்தார். ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருப்பது திறமையின் வித்தியாசம் இல்லை. அவருக்கு ஓர் ஆட்டம் தோற்றால் பரவாயில்லை. எனக்கு 1480.

எனக்குக் கிடைத்ததை நான் முழுக்கச் செலவழித்து முடித்துவிட்டு, என் சொந்தச் சம்பாத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் நடந்தது.

*

போன மாதம் தம்பிக்கு மெசேஜ் போட்டேன். இப்போது அவன் கடைசி வருடம். மன்னிப்பு என்று ஆரம்பித்து எழுதி, அழித்து, கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்: “ஏலே, ஒருநாள் ஒரே கலர்ல ஆடுவோமா? சண்டைய நீ பாத்துக்க. நான் ஆடு மேய்க்கேன்.”

ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் வந்தது.

“தோத்தா என்னைய திட்டக்கூடாது.”

திட்டுவேன் என்று அனுப்பினேன். ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அதற்குக் கீழே: “ப்ராஜெக்ட் ரிவ்யூ முடியட்டும்ணே.”

ஸ்டீமில் அவன் பெயர் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. ரிவ்யூ எப்போது என்று சித்தியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.